ஹைரோவின் வலது கை

அத்தியாயம் பதினொன்று

அந்த ஐஸ் பையை யுதெல்கா பார்த்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. கொல்லைப்புறத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, தம்பி ஹைரோ அதைத் தன் வலது முழங்கையில் துண்டு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"யார்கிட்டயும் சொல்லாதக்கா. செவ்வாக்கிழமை மட்டும் முடியட்டும்" என்றான்.

அவளும் சொல்லவில்லை. இன்று செவ்வாய்க்கிழமை, தேர்வு நாள்.

கடலோர நிசாவோ ஊரில் அந்த வீட்டைத் தெரியாதவர்கள் குறைவு. முன்னறை அம்மா பெல்கிஸின் பியூட்டி பார்லர். பின்பக்கம் முழுக்க அப்பா செகுந்தினோ கட்டிய பயிற்சி வலை. பத்தொன்பது வயதில் பேஸ்பாலில், மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்திப் பந்து வாங்கும் கேட்சராகக் கையெழுத்திட்டு ஃப்ளோரிடாவுக்குப் போனவர் அவர். இருபத்தொன்றில் திரும்பி வந்தார். ஏன் வந்தார் என்று யாரிடமும் சொன்னதில்லை. அன்று முதல் கேஸ் சிலிண்டர் லாரி ஓட்டுகிறார். மாலையில் லாரியை நிறுத்திவிட்டு நேராக வலைக்குப் போய்விடுவார். அங்கே பதினாறு வயது ஹைரோ முகமூடியும் மார்புக் கவசமும் மாட்டிக்கொண்டு காத்திருப்பான்.

யுதெல்காவுக்கு இருபத்து மூன்று வயது. கடல் தாண்டி வடக்கே ஒரு பெரிய பேஸ்பால் கிளப்புக்கு ஆள் தேடிக் கொடுப்பவர், ஊர் மரியாதையாக 'தோன்' என்று அழைக்கும் அமௌரி. அவரிடம் நான்கு மாதமாக உதவியாளர். ஸ்டாப்வாட்ச் பிடிப்பது, வீடியோ எடுப்பது, மதிப்பீட்டுத் தாளை நிரப்புவது அவள் வேலை. இன்று அவள் நிரப்ப வேண்டிய தாளில் தம்பியின் பெயர் இருந்தது.

காலையில் வாழைக்காய் மசியலும் பொரித்த சீஸும் மேசைக்கு வந்தன. ஹைரோ இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டான். பெல்கிஸ் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் அவன் தட்டில் இன்னொரு துண்டு சீஸ் வைத்தாள்.

"ஆசி குடுங்கப்பா" என்றான் ஹைரோ, பையைத் தூக்கிக்கொண்டு.

"கடவுள் உன்ன ஆசீர்வதிக்கட்டும்."

செகுந்தினோ மகனின் வலது தோளைத் தட்டப் போனார். பாதியில் கையை மாற்றி இடது தோளைத் தட்டினார்.

வாசலில் நின்ற யுதெல்கா அதைப் பார்த்தாள். அப்படியென்றால் அப்பாவுக்கும் தெரியும்.

*

மைதானம் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டி இருந்தது. கடற்காற்று மண்ணைக் கிளப்பி விட்டுக்கொண்டே இருக்கும். வலைக்குப் பின்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் தோன் அமௌரி, வாயில் புதினா மிட்டாயோடு.

"தோன் அமௌரி, இன்னிக்கி வாட்ச்ச வேற யாராவது புடிக்கட்டும்" என்றாள் யுதெல்கா. "அவன் என் தம்பி. உங்களுக்கே தெரியும்."

"இந்த ஊர்ல யாருக்குத் தம்பி இல்ல? எங்கிட்ட ஒரு வாட்ச் இருக்கு, உங்கிட்ட ஒன்னு இருக்கு. நீ பொய் சொன்னா என்னுது காட்டிக் குடுத்துரும். உக்காரு."

உட்கார்ந்தாள்.

முதலில் வாங்குதல். ஹைரோ குந்தி உட்கார்ந்தான். பிட்சராக வந்திருந்தவன் பலேங்கேயைச் சேர்ந்த ஓஸ்வெல். தென்னை மரம் மாதிரி வளர்த்தி, பயந்த கண். அவன் பந்து மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்தது. ஹைரோவின் கையுறை அதை அடித்துப் பிடிக்கவில்லை. வந்த இடத்திலேயே, ஓர் அங்குலம்கூட அசையாமல் வாங்கி வைத்துக்கொண்டது.

"கையப் பாத்தியா? அலுங்கவே இல்ல" என்றார் அமௌரி.

யுதெல்கா எழுதினாள். அந்த மதிப்பீட்டில் இருபதிலிருந்து எண்பது வரை மதிப்பெண். ஐம்பது என்றால் பெரிய லீகில் ஆடுகிறவனின் சராசரி. அறுபது என்று போட்டாள். அமௌரி எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

அடுத்து, மண்ணில் குத்தி எகிறும் பந்துகளை மறித்தல். ஓஸ்வெல் வேண்டுமென்றே தாழ்த்தி வீசினான். ஹைரோ முழங்காலில் விழுந்து, முகவாயை நெஞ்சில் புதைத்து, தோள்களைக் குவித்து அத்தனையையும் உடம்பால் வாங்கினான். பந்துகள் அவன் காலடியிலேயே செத்து விழுந்தன.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த யுதெல்காவின் முகவாயும் தன்னால் நெஞ்சில் புதைந்தது. முழங்கால்கள் ஒட்டிக்கொண்டன.

அவள் பதின்மூன்று வயது வரை கேட்சராக இருந்தவள். பையன்களோடு ஆடி, ஓடுகிற பையன்களைப் பந்தை எறிந்து அவுட் ஆக்கியவள். அந்த வருஷம் லீக் நடத்துகிறவர் வீட்டுக்கு வந்து, பெண் பிள்ளை வளர்ந்துவிட்டாள், இனிமேல் சாஃப்ட்பால் இருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அவள் சாஃப்ட்பாலுக்குப் போகவில்லை. எதற்குமே போகவில்லை. ஒரு சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, "உன் கையுறையத் தம்பிக்குக் குடுத்துட்டேன்" என்றார் அப்பா. "சரிப்பா" என்றாள். இப்போதும் சில இரவுகளில், உள்ளங்கையில் பந்து விழும் அந்தச் சுரீர் அவளை எழுப்பிவிடும். எழுந்து கையைப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது.

"வாட்ச்ச எடு" என்றார் அமௌரி.

இதற்காகத்தான் எல்லாரும் வந்திருந்தார்கள். பந்து ஹைரோவின் கையுறையில் விழும் சத்தத்தில் வாட்ச்சை அழுத்த வேண்டும். அவன் எழுந்து எறிந்து, அது பிட்சருக்கு அப்பால் செகண்ட் பேஸில் நிற்பவனின் கையுறைக்குப் போய்ச் சேரும்போது நிறுத்த வேண்டும். இரண்டு நொடிக்குள் என்றால் வடக்கே போகலாம். இரண்டே கால் என்றால் வேறு வேலை பார்க்கலாம். மொத்தம் ஐந்து எறி.

முதல் எறி. ஒன்று புள்ளி தொண்ணூற்றைந்து நொடி.

அமௌரி தன் வாட்ச்சைப் பார்த்தார். யுதெல்காவின் வாட்ச்சைப் பார்த்தார். மிட்டாயைக் கடித்து நொறுக்கினார்.

இரண்டாவது, ஒன்று தொண்ணூற்றாறு. மூன்றாவது, மறுபடி ஒன்று தொண்ணூற்றைந்து. கம்பி வேலிக்கு வெளியே நின்ற செகுந்தினோ இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

நான்காவது எறியில் ஹைரோவின் முழங்கை தோளுக்குக் கீழே இறங்கியது. ஒரு விரற்கடைதான். பந்து வலப்பக்கம் ஒதுங்கிப் போனது. இரண்டு பூஜ்யம் நான்கு.

ஐந்தாவது, இரண்டு பதினொன்று. எறிந்துவிட்டுத் திரும்பியவன், யாரும் பார்க்காத மாதிரி சுண்டு விரலை உதறினான். மரத்துப் போன விரலைத்தான் அப்படி உதறுவார்கள். யுதெல்கா தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"நல்ல வெயில். களைச்சிட்டான்" என்றார் அமௌரி.

கடைசியாக நிஜ ஆட்டம் போலப் பந்து வீச்சு, எதிரே மட்டையோடு ஆள். வீசியவன் ஓஸ்வெல்தான். முதல் நான்கு பந்தும் எங்கெங்கோ போயின. ஹைரோ எழுந்து பந்தை எறியாமல், கையில் எடுத்துக்கொண்டு பிட்சர் நிற்கும் மேடு வரை நடந்தே போனான். ஏதோ சொன்னான். ஓஸ்வெல் சிரித்தான். அடுத்த மூன்று பந்தும் கோடு போட்ட மாதிரி வந்தன. பிறகும் இரண்டு தடவை ஹைரோ நடந்து போய்ப் பந்தைக் கையில் கொடுத்துவிட்டு வந்தான்.

அமௌரி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "பதினாறு வயசு. பிட்சர எப்படிக் கையில வச்சிருக்கான் பாரு. இத எந்த வாட்ச்சும் சொல்லாது."

உண்மைதான். ஆனால் மற்ற பந்துகளை ஹைரோ திருப்பி எறிந்த விதத்தையும் யுதெல்கா பார்த்திருந்தாள். மேலே தூக்கி, குழந்தைக்குப் போடுவதைப் போல மெதுவாக. பிட்சரைத் தேற்ற நடந்தது முதல் தடவை மட்டும்தான். மற்ற இரண்டும், எறிய முடியாமல் நடந்தது.

*

தண்ணீர் குடிக்க விட்ட நேரத்தில் அவள் வேலிக்குப் போனாள்.

"எவ்ளோ?" என்றார் செகுந்தினோ.

"சொல்லக் கூடாதுப்பா."

"தொண்ணூத்தஞ்சு வந்துதா?"

"உங்களுக்குத் தெரியும்தானே? அவன் முழங்கை."

அவர் கடல் பக்கம் பார்த்தார். "ஒரு வாரமா வலிக்குதுன்னான். இந்த வயசுல எல்லாருக்கும் வலிக்கும். இன்னிக்கி ஒரு நாள். ஜனவரில கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் அவங்க டாக்டர், அவங்க மருந்து. அவங்க பாத்துப்பாங்க."

"ஒரு வாரம் வலிச்சா விரல் மரத்துப் போகாது."

"நீ என்ன டாக்டரா?"

"நான் கேட்சர்ப்பா."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அந்தச் சொல்லை இந்தப் பத்து வருஷத்தில் அவள் அவரிடம் சொன்னதே இல்லை.

"யுதெல்கா" என்றார், குரல் இறங்கி. "ஃப்ளோரிடாவுல காலைல ஆறு மணிக்கே புல்லு மேல தண்ணி தெளிச்சிருப்பான். நம்ம பேரு சட்டையில தச்சிருக்கும். ஒவ்வொரு நாளும் லாரியில சாவியப் போடும்போது அந்தப் புல்லுதான் கண்ணுல வருது. இருபத்தி ஆறு வருஷம். எனக்கு இனிமே கெடைக்காது. அவன் மிதிக்கட்டும்னுதான். அந்தத் தாள்ல நீ ஒன்னும் பொய் எழுத வேணாம். சும்மா இரு, போதும்."

அவள் வேலியில் கோத்திருந்த அவர் விரல்களைத் தொட்டாள். திரும்பி நடந்தாள்.

*

பையன்கள் போன பிறகு அமௌரி பாதாம் மர நிழலில் ஜீப்பின் மேல் தாளை விரித்தார். எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. ஒன்றைத் தவிர.

"கையோட நிலைமைன்னு இருக்கே, அத ஏன் விட்டுட்ட?"

யுதெல்கா பேனாவின் மூடியைக் கழற்றினாள், மாட்டினாள்.

"கடைசி ரெண்டு எறி இறங்கிருச்சு. களைப்புன்னு போட்டுரு. நான் மேல பேசிக்கறேன். இந்தப் பையன நான் விடப் போறதில்ல."

நான்கு மாதத்தில் அவர் இப்படி ஒரு வார்த்தை சொல்லி அவள் கேட்டதில்லை. ஒரே வார்த்தை எழுதினால் போதும். வீட்டில் அம்மா கேக் வாங்கி வருவாள். அப்பா அழுவார். தம்பி விமானம் ஏறுவான்.

பிறகு அங்கே, தண்ணீர் தெளித்த புல்லில், யாரோ ஒரு நாள் அவனை ஐம்பது தடவை எறியச் சொல்வார்கள். அவனும் வாயைத் திறக்காமல் எறிவான்.

"களைப்பு இல்ல" என்றாள். "முழங்கை. நாலு நாளா ஐஸ் வச்சிக் கட்டறான். நாலாவது எறியில கை இறங்குச்சு, சுண்டு விரல் மரத்துப் போச்சு. ரெண்டாவது தடவையும் மூணாவது தடவையும் அவன் மேட்டுக்கு நடந்து போனது, எறிய முடியாமத்தான்."

அமௌரி தாளை மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தார். பிறகு தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"நடந்து போனத நான் தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன்" என்றார். "இருபது வருஷமா இதப் பாக்கறேன்."

"முதல் தடவை நீங்க சொன்னது சரிதான்."

"தலைநகர்ல முழங்கையப் படம் எடுத்துப் பாக்கச் சொல்லு. பெரிசா ஒன்னும் இல்லைன்னா அடுத்த வருஷம் பாக்கலாம். இந்த ஜனவரிக்கு எனக்கு ஒரு கேட்சர் வேணும், யுதெல்கா. பானி ஊர்ல ஒருத்தன் இருக்கான்னு சொல்றாங்க. வியாழக்கிழமை நீ போய்ப் பாரு. நான் வரல. நீ என்ன எழுதறியோ அதான்."

அவளைத் தனியாக அனுப்புவது இதுதான் முதல் முறை. இதற்காக அவள் எவ்வளவு ஏங்கியிருக்கிறாள். தம்பியின் இடத்துக்கு வேறொருவனைத் தேடிப் போகிற வேலையாக அது வந்து சேரும் என்று நினைத்ததில்லை.

"நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

*

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. முன்னறையில், பார்லருக்கு வந்த தோன்யா திக்னா தலை நிறைய ரோலர்களோடு டிரையருக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். பெல்கிஸ் சீப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஹைரோ தரையில், சுவரில் சாய்ந்து. அப்பா வாசற்படியில்.

"நான் சொல்லிட்டேன்" என்றாள் யுதெல்கா. வேறு எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தும் தெரியவில்லை. "முழங்கைய. இந்த ஜனவரிக்கு உன் பேரு இல்ல, ஹைரோ."

அந்தச் சமயம் பார்த்துக் கரண்ட் போனது. டிரையர் நின்றது. வீடு சட்டென்று அமைதியானது.

"யாரு பேரு இல்ல?" என்றாள் தோன்யா திக்னா.

அவள் ரோலர்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, கேட்காதவள் போல ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

ஹைரோ தலையைக் குனிந்துகொண்டான். தோள்கள் மட்டும் ஏறி இறங்கின. யுதெல்கா அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவன் நகரவில்லை, அவளைத் தள்ளவும் இல்லை.

"முதல் எறி?" என்றான் கடைசியில், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"ஒன்னு தொண்ணூத்தஞ்சு. மூணாவதும்."

"ரெண்டு தடவையா?"

"ரெண்டு தடவை. அமௌரி மிட்டாயக் கடிச்சே நொறுக்கிட்டாரு."

ஹைரோவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அந்த பலேங்கே பையன்கிட்ட என்னடா சொன்ன?"

"பின்னாடி உக்காந்திருக்கிற குண்டு மனுஷன் தூங்கிட்டாரு, பயப்படாமப் போடுன்னேன்."

செகுந்தினோ படியிலிருந்து எழுந்தார். யுதெல்காவின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"பைய எடுத்து வைடா. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு சான் கிறிஸ்தோபல்ல வேற கிளப் ஆளு வர்றான். மத்தியானமே பேசிட்டேன். அங்க உங்கக்கா இல்ல."

பெல்கிஸின் கையில் சீப்பு அப்படியே நின்றது.

ஹைரோ வலது கையை நீட்டிப் பார்த்தான். முழுசாக நீளவில்லை. பாதியில் வளைந்தே நின்றது. "அக்கா, நாளைக்கு எறிஞ்சா எவ்ளோ வரும்?"

"முதல்ல ரெண்டு பத்து வரும். அப்புறம் ஒன்னும் வராது."

"நீ சும்மா இரு" என்றார் செகுந்தினோ.

"அப்பா" என்றான் ஹைரோ. கோபமில்லாத குரல். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவனின் குரல். "உங்க தோளு போனப்ப, அது போகுதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

இருபத்தாறு வருஷமாக அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது. சட்டையைக் கொடியில் போடக்கூட அவர் வலது கையைத் தூக்குவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை.

செகுந்தினோ மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார். பிறகு வெளியே போனார். மோட்டார் சைக்கிள் உறுமியது. ஆனால் வண்டி நகரவில்லை. அதன் மேல் உட்கார்ந்து, இன்ஜினை ஓடவிட்டபடியே இருந்தார்.

பெல்கிஸ் சீப்பை வைத்தாள். மகன் ஆடிய எந்த ஆட்டத்தையும் அவள் பார்க்கப் போனதில்லை. கணவன் ஆடியதையும் பார்த்ததில்லை. பேஸ்பால் பற்றி அவள் வாயிலிருந்து நல்லதோ கெட்டதோ ஒரு சொல் வந்ததில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, தோன்யா திக்னாவிடம் "வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவர் தோளைப் பிடிக்காமல் இடுப்பைச் சுற்றிக் கைபோட்டுக்கொண்டாள். அவர் காதருகே ஏதோ சொன்னாள்.

வண்டி நகர்ந்தது. தெருமுனையில் கொஞ்சம் நின்றது. வலப்பக்கம் திரும்பினால் கடற்கரை. இடப்பக்கம் சான் கிறிஸ்தோபல் சாலை. நடுவில் வந்து நின்ற வாழைக்காய் லாரி மறைத்துவிட்டது. லாரி போன பிறகு தெரு காலியாக இருந்தது.

"எனக்கு இன்னும் ரோலர் எடுக்கணும்" என்றாள் தோன்யா திக்னா மெதுவாக. யுதெல்கா எழுந்து போய் அவள் தலையிலிருந்து ரோலர்களைக் கழற்றத் தொடங்கினாள்.

"பானில ஒரு கேட்சர் இருக்கானாமே" என்றான் ஹைரோ தரையிலிருந்தே. "வியாழக்கிழமை அவனுக்கும் தேர்வுன்னு மைதானத்துல பேசிக்கிட்டாங்க. நீ போறியா?"

"போறேன்னு நான் யார்கிட்டயும் சொல்லல."

"நீ போவ." வளைந்த கையை மடியில் வைத்துக்கொண்டான். "நானும் வரேன். அவன் எப்படி எறியிறான்னு எனக்குப் பாக்கணும்."